தண்ணீர் திரும்பும் நேரம்

தூய ஆவியார் பெருவிழா அன்று பங்குத் தந்தை சிவப்புத் திருவுடை அணிந்து பீடத்துக்கு வந்தார். எனக்கு அது செங்கல் பொடியில் தோய்த்து எடுத்த துணி போலத் தெரிந்தது. பழைய உடையை எடுத்து உடுத்திவிட்டார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கியபோது தற்செயலாக என் கை இடக்கண்ணை மறைத்தது. திருவுடை பளீரென்று சிவந்தது. கையை மாற்றி வலக்கண்ணை மறைத்தேன். மறுபடியும் செங்கல்.

பூசை முடியும்வரை இரண்டு கண்களையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த என் கணவர் அருள் குனிந்து, "இன்னா, கண்ணுல தூசா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லங்க. இந்தக் கண்ணுக்குச் சிவப்பு தெரியல."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அருள் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறவர். அச்சாகி வரும் தாளில் நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. நிறம் தெரியவில்லை என்பதை அவரால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று பிற்பகலே கண் மருத்துவரிடம் கூட்டிப் போனார்.

எனக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்துவந்தேன். வீடு சாந்தோம். பள்ளிக்கு நடந்தே போய் நடந்தே வருவேன். சளி, காய்ச்சல் தவிர மருத்துவமனைப் பக்கம் போன நினைவில்லை.

கண் மருத்துவர் விழியைச் சோதித்துவிட்டு, விழியில் குறை இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் நரம்பில்தான் பிரச்சினை என்றார். பார்வை நரம்பு அழற்சி (கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வீங்குவது). அவர் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப, அவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அனுப்பினார்.

படத்தில் மூளையின் நடுவே, நீர் நிறைந்த அறைகளைச் சுற்றி, வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. நரம்பியல் மருத்துவர் நடுத்தர வயதைக் கடந்தவர், அவசரப்படாமல் பேசுகிறவர். பேனா முனையால் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுக் காட்டினார்.

"நரம்பு இழையைச் சுத்தி மயலின்னு ஒரு கொழுப்பு உறை இருக்கும்மா. கரண்ட் ஒயருக்கு மேல பிளாஸ்டிக் மாதிரி. உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தி அதை எதிரின்னு நினைச்சுத் தாக்குது. தாக்கின இடம்தான் இதெல்லாம்."

"ஏன் தாக்குது சார்?"

"அது தெரிஞ்சா எனக்கு வேலை பாதியாயிடும்."

நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (மூளையிலும் தண்டுவடத்திலும் பல இடங்களில் நரம்பு உறை அரிக்கப்பட்டுத் தழும்பாவது). அந்தப் பெயரை அதற்குமுன் நான் கேட்டதில்லை. இரத்தக் குழாய் வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். சில வாரங்களில் சிவப்பு திரும்பி வந்தது, முழுக்க இல்லை, பழகிக்கொள்ளும் அளவுக்கு. நோய் மறுபடி தாக்காமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நான் பள்ளிக்குத் திரும்பினேன்.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு இதே நோய் இருக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கலாம். முதல் தாக்குதலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதற்குப் பின்பு வரும் காலத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த ஆண்டும், அதற்கு அடுத்த ஆண்டும் ஸ்கேன் எடுத்தோம். புதிய புள்ளி எதுவும் இல்லை. ரிப்போர்ட்டில் 'ஸ்டேபிள்' என்று எழுதியிருந்தது. வீட்டில் அன்றைக்கெல்லாம் பிரியாணி. ஆனால் நான் ஸ்டேபிளாக இல்லை.

களைப்பு என்று சொன்னால் உங்களுக்குப் புரியாமல் போகலாம். வேலை செய்து களைப்பது வேறு. இது காலையில் எழுந்ததுமே, பல் துலக்க ஆரம்பிக்கும் முன்பே, யாரோ உடம்பிலிருந்து எல்லாவற்றையும் வடித்தெடுத்துக்கொண்டு போனது போல. இடது கால் என்னுடையதாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. கோடைக்காலத்தில் இன்னும் மோசம்.

ஒருநாள் பதினோராம் வகுப்பில் மூலக்கூறுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'சகப்பிணைப்பு' என்ற சொல் வரவில்லை. பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிவரும் சொல். சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன். பிள்ளைகள் காத்திருந்தார்கள். கரும்பலகையில் இரண்டு அணுக்களை வரைந்து நடுவில் கோடு போட்டுவிட்டு, "இதுக்கு என்ன பேரு?" என்று அவர்களையே கேட்டேன். அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். நான் அவர்களைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

தலைமை ஆசிரியையான சிஸ்டர் என்மேல் பிரியமுள்ளவர். அவர்கூட ஒருநாள் அறைக்கு அழைத்து, "ரிப்போர்ட்ல புதுசா ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க, ஸ்டெல்லா" என்றார். மேல்நிலை வகுப்புகளை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நூலகத்தைப் பார்த்துக்கொள்ளலாமே என்பது அவர் யோசனை. அன்பாகத்தான் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டிலும் அப்படித்தான். "ரிப்போர்ட்டு நல்லாத்தானே கீது? அப்புறம் ஏன் இப்டி உக்காந்துட்டே? மனசுல எதுனா வெச்சிக்கினு கீறியா?" என்று அருள் கேட்டார். அவருக்குப் பயம். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நானே எல்லாவற்றையும் கற்பனை செய்கிறேனோ. நோயைவிட அந்தச் சந்தேகம்தான் என்னை அதிகம் தின்றது.

இதையெல்லாம் நரம்பியல் மருத்துவரிடம் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்மா. இந்தப் படத்துக்கு அதைப் பார்க்கற கண் இல்ல, அவ்வளவுதான்."

தரமணியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மூளைத் திசுவை வேறு விதமாக அளக்கும் ஆய்வு நடப்பதாகவும், இந்த நோய் உள்ளவர்களைத் தேடுகிறார்கள் என்றும் சொன்னார். "உங்களுக்கு இதனால நேரடியா லாபம் எதுவும் கிடைக்கும்னு நான் சொல்லமாட்டேன். இஷ்டமிருந்தா போங்க." என்னோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத இன்னொருவரும் தேவை. அக்கா தங்கையாக இருந்தால் இன்னும் நல்லது.

என் தங்கை பிலோமினா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். போனில் சொன்னதும் சிரித்தாள். "என் மண்டைக்குள்ள மூளை இருக்குதான்னு உனக்கு ரொம்ப நாளா டவுட்டு. வர்றேன்கா."

திருமயிலை ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயிலில் அருளும் நானும் போனோம். பிலோ பாலவாக்கத்திலிருந்து நேரே வந்திருந்தாள். ஆய்வை நடத்திய நித்யா இயற்பியல் படித்தவர், முப்பது வயதிருக்கும். எங்கள் மூவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"நீங்க இதுவரைக்கும் எடுத்த ஸ்கேன், நெத்தியில கை வெச்சுக் காய்ச்சல் பார்க்கற மாதிரி. பக்கத்து இடத்தைவிட இந்த இடம் வெள்ளையா இருக்கா, கறுப்பா இருக்கான்னு மட்டும் சொல்லும். நாங்க தெர்மாமீட்டர் வைக்கிறோம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கிடைக்கும்."

"எதோட எண் மேடம்?" என்று அருள் கேட்டார்.

"தண்ணியோட எண், சார்."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் உள்ள ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் மிகச் சிறிய ஒரு காந்தம். ஸ்கேன் எந்திரத்தின் பெரிய காந்தத்துக்குள் நாம் படுத்ததும், அந்தக் கோடானுகோடி சிறு காந்தங்களில் ஒரு துளிப் பங்கு அதன் திசைக்கு இணங்கி நிற்கிறது. அப்போது வானொலி அலை ஒன்றைச் செலுத்தி அவற்றைச் சாய்க்கிறார்கள். அலையை நிறுத்தியதும் அவை தாமாகவே பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு டி1 என்று பெயர். சாய்ந்தபோது ஒரே தாளத்தில் சுழன்றவை, கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றுக்கொன்று தாளம் தப்பிப்போகும் நேரம் டி2. இரண்டும் தளர்வு நேரங்கள்.

தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த நேரம் மாறும். மூளையின் அறைகளில் தங்குதடையின்றி இருக்கும் நீர் சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும். நெருக்கமான திசுவுக்குள் இருக்கும் நீர் ஒரு விநாடிக்குள் திரும்பிவிடும். மயலின் உறையின் மடிப்புகளுக்கிடையே சிக்கியிருக்கும் நீரின் தாளமோ, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கலைந்துவிடும். உறை அரிக்கப்பட்டால் தண்ணீருக்கு இடம் கிடைக்கிறது, நேரம் நீளுகிறது. அந்த நீட்சியை அளந்தால், திசுவைத் தொடாமலே அதன் நிலையைக் கணிக்கலாம்.

எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் ஒரு ஆக்சிஜனையும் இரண்டு ஹைட்ரஜனையும் வரைந்திருக்கிறேன். தேர்வில் கட்டாயம் வரும் என்று சொல்லி மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன். அந்த ஹைட்ரஜன் என் தலைக்குள் இருந்துகொண்டு, கேட்டால் பதில் சொல்லும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்பதால் தாலியைக் கழற்றி அருளிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு, பையின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்தார்.

குழாய்க்குள் படுத்ததும் தட்டல் தொடங்கியது. மரப்பலகையை அடிப்பது போல ஒன்று, ஆலைச் சங்கு போல நீளமாக ஒன்று. முன்பெல்லாம் இந்தச் சத்தத்தில் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபமாலை சொல்வேன். அன்று அது தேவைப்படவில்லை. இந்தக் கணத்தில் என் மூளை முழுவதிலும் தண்ணீர் சாய்கிறது, எழுகிறது, மறுபடி சாய்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலிக்கவில்லை, கூசவில்லை. ஆனாலும் நடக்கிறது. நோய் வந்த நாளிலிருந்து என் உடம்பை நான் ஒரு துரோகியாகத்தான் பார்த்துவந்தேன். அது இவ்வளவு பணிவாக ஒவ்வொரு முறையும் தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்ததை நினைத்தபோது என் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அசையக்கூடாது என்பதால் துடைக்கவில்லை.

அடுத்து பிலோ உள்ளே போனாள். கதவருகே போனவள் திரும்பி வந்து, என் காதருகே, "எனக்கும் இருந்தா, அக்கா?" என்றாள். போனில் சிரித்தபோதே அவளுக்குள் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. கூடப் பிறந்தவர்களுக்கு இந்த நோய் வர மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு உண்டு என்று எங்கோ படித்திருக்கிறாள். தெரிந்தும் வந்திருக்கிறாள். "வேணாம்னா போயிடலாம் பிலோ" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

சில வாரங்கள் கழித்து, எங்கள் இருவரின் ஒப்புதலோடு, மருத்துவரின் அறையில் நித்யா படங்களைத் திறந்தார். இது ஆராய்ச்சிக்கான அளவு, சிகிச்சைக்கான ரிப்போர்ட் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். திரையில் இரண்டு மூளைகள். கடுகளவு இடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், எண்ணுக்கு ஏற்ற நிறம்: நேரம் குறைவென்றால் நீலம், கூடக் கூடப் பச்சை, பிறகு மஞ்சள்.

பிலோவின் மூளையில் வெண்பகுதி (நரம்பு இழைகள் ஓடும் உள்பகுதி) முழுக்க ஒரே நீலம். குறை எதுவுமில்லை. என்னுடையதில் பழைய புள்ளிகள் மஞ்சளாக இருந்தன. அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் புள்ளிகளுக்கு நடுவே, வழக்கமான ஸ்கேன் இத்தனை காலமும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவந்த இடங்களில், நீலம் நீலமாக இல்லை. பச்சை படர்ந்திருந்தது. எல்லா இடத்திலும் தண்ணீர் திரும்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டிருந்தது.

"களைப்புக்கு இதுதான் காரணம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றார் மருத்துவர். "ஆனா நல்லா இருக்குன்னு நாம சொன்ன இடம் அவ்வளவு நல்லா இல்ல. அது உண்மை."

அருள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நான் ரிப்போர்ட்டு நல்லா கீதுன்னே சொல்லிக்கினு இருந்தேன், ஸ்டெல்லா."

"அதுல அப்படித்தாங்க போட்டிருந்துச்சு."

அழுதது பிலோதான். வெளியே நடைபாதையில் நாற்காலியில் உட்கார்ந்து, "என்னுது நல்லா இருக்கறது எனக்குப் பிடிக்கலக்கா" என்றாள். நான் அவள் தலையைத் தடவினேன். இந்த மண்டைக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விசித்திரம் என்னவென்றால், என்னுடையதைப் பார்த்தும் எனக்குத் துக்கம் வரவில்லை. என் களைப்புக்கு ஓர் இடம் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

அந்தப் படத்தை வைத்து மட்டும் மருந்தை மாற்ற முடியாது என்று மருத்துவர் கறாராகச் சொன்னார். நடக்கவைத்துப் பார்த்தார், சொற்களை நினைவுபடுத்தும் சோதனைகள் வைத்தார். இரண்டிலும் முந்தைய ஆண்டைவிடப் பின்தங்கியிருந்தேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தக் குழாயில் ஏற்றும் வலுவான மருந்துக்கு மாறலாம் என்றார். தொற்று எளிதில் வரும், கவனமாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார். அருளும் நானும் இரண்டு நாள் பேசினோம். மாறினேன்.

சிஸ்டரிடம் நானே போனேன். நூலகம் வேண்டாம், வகுப்பில் ஒரு நாற்காலியும் மதியத்துக்கு முன்பே என் பாடவேளைகளும் போதும் என்றேன். "உக்காந்து பாடம் எடுத்தா பிள்ளைங்க கேக்க மாட்டாங்கன்னு யாரு சொன்னது?" என்று கேட்டு, அவரே நாற்காலியை எடுத்துவரச் சொன்னார்.

ஓராண்டு கழித்து மறுபடி அளந்தார்கள். இம்முறை நித்யா இரண்டு இடங்களைக் காட்டினார். பின்பக்கம் ஒரு தழும்பில் நேரம் இன்னும் நீண்டிருந்தது. நீர் அறைக்கு அருகே இருந்த இன்னொன்றில் குறைந்திருந்தது. மஞ்சள் பச்சையாகியிருந்தது.

"உறை திரும்ப வளருதா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். வீக்கம் வடிஞ்சிருந்தாலும் நேரம் குறையும். இந்த ஒரு அளவை வெச்சு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது, மேடம்." சொல்லிவிட்டு அவரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா திரும்பியிருக்கு."

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, அருளோடு சண்டை போட்டபோது, தூங்கியபோது, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. என்ன என்று தெரியாது. முழுக்க நடக்குமா என்றும் தெரியாது. பின்பக்கத் தழும்பு மோசமாகிறது என்பதையும் நான் மறைக்கவில்லை. குணமாகிவிட்டேனா என்று கேட்கிறவர்களுக்கு இல்லை என்றே சொல்கிறேன். இது குணமாகும் நோய் இல்லை. களைப்பு இருக்கிறது, முன்னைப்போலத் தினமும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். படம் நன்றாக இருக்கிறது என்று சொன்னபிறகும் உங்கள் உடம்பு 'இல்லை' என்று சொன்னால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். படத்துக்குத் தெரியாதது இருக்கலாம். இந்த அளவு எல்லா ஊரிலும் கிடைக்காது, எல்லோருக்கும் தேவையும்படாது. ஆனால் உங்களை நம்புகிற மருத்துவர் தேவை.

போன ஞாயிறு பாலவாக்கத்தில் பிலோ வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் கால் வைத்தேன். தரை சில்லென்று இருப்பதை வலது கால் உடனே சொன்னது. இடது கால் ஒன்றும் சொல்லவில்லை. முன்பானால் பதறிப்போய், காலை உதறி, தேய்த்து, நடந்து பார்த்திருப்பேன். இப்போது அப்படியே நின்றேன். பிலோ அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்க்கா வாசல்லயே நிக்கறே?"

"இரு. இன்னொரு கால் இப்பதான் வந்துக்கிட்டிருக்கு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என்னோடு நின்றாள். கொஞ்ச நேரத்தில், எங்கோ தொலைவிலிருந்து வருவது போல, இடது பாதத்திலும் குளிர்ச்சி ஏறியது.